தட்டமும் சான்றிதழும்

(சேரங்கோட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமான கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அன்பான உம்மாமார்களே, வாப்பாமார்களே, பிள்ளைகளே! இந்த மழையிலும், யானை நடமாட்டம் இருக்கிறது என்று தெரிந்தும், இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ். இருட்டுவதற்கு முன் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும். அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதரஸா நேரம் முடிந்தபின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற பெண்கள் நாங்கள். பிளஸ் டூ முடிந்ததும் எங்களைத் தேடி வருகிற தாய்மார்கள் பாடத்தைப் பற்றிக் கேட்பது குறைவு. "அந்தக் காலேஜில் தட்டம் போட விடுவார்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அது நியாயமான கேள்விதான். அதற்குச் சரியான பதில் தெரியாததால் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு வீட்டு வாசலோடு நின்றுபோயிருக்கிறது. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருவருடைய வீட்டுப் பெண் பத்தாவது வரை மலையாள மீடியத்தில் படித்தாள். பிளஸ் டூ தமிழில், காலேஜ் இங்கிலீஷில். மூன்று பாஷையில் தட்டுத்தடுமாறி, முதல் வருஷமே இரண்டு தாளில் அரியர். அழுதாள். ஆனாலும் விடவில்லை, அடுத்த வருஷமே இரண்டையும் எழுதித் தேறினாள். பி.காம். முடித்துச் சமவெளியில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாள். கணக்கில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில், "முன்னால் உட்காருகிற வேலை இது, தலையில் இருப்பதை எடுத்துவிட்டு வருவதானால் வரலாம்" என்றார்கள். அவள் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிட்டாள்.

அந்தக் கம்பெனியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் பஸ் ஏறி மலைக்கு வந்தபோது நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "நல்லதாப் போச்சு, இனி வீட்டில் இரு" என்றோம். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டோம். எட்டு மாதம் அந்தப் பிள்ளை வீட்டில் இருந்தாள். கம்பெனி மூடியது ஒரு கதவைத்தான். மற்றதையெல்லாம் மூடியது நாங்கள்.

அந்த எட்டு மாதத்தில் ஒருநாள் அவள் எங்களிடம் கேட்டாள்: "கவர்னராக இருந்த ஃபாத்திமா பீவி தலையை மூடித்தானே இருந்தார்? அவர் எப்படி அவ்வளவு தூரம் போனார்?" எங்களுக்குப் பதில் தெரியவில்லை. 1997 முதல் 2001 வரை நம் மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். பத்திரிகையில் அவர் படம் வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பு தலையில் இருக்கும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதன்பிறகுதான் தேடிப் படித்தோம்.

1927ல் பத்தனம்திட்டையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் வேதியியல் பட்டம் பெற்றார். மேலே அறிவியல் படிக்கலாம் என்றிருந்த பெண்ணை, சட்டம் படி என்று சொன்னவர் அவருடைய வாப்பா மீரா சாஹிப். கேரளத்தில் அன்னா சாண்டி என்ற பெண் நீதிபதியாகியிருந்த காலம் அது. அதைப் பார்த்த அந்த வாப்பாவுக்குத் தன் மகளும் ஏன் ஆகக் கூடாது என்று தோன்றியிருக்கிறது. வழக்கறிஞர் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கி, 1950 நவம்பரில் பதிவு செய்துகொண்டு, கொல்லம் நீதிமன்றத்துக்குப் போனார். தலையை மூடிய ஒரு முஸ்லிம் பெண் கறுப்புக் கோட்டுடன் வந்து நிற்பதை அங்கே பலர் புருவம் உயர்த்திப் பார்த்தார்கள்.

இனி நாங்கள் சொல்லும் வருஷங்களைப் பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். 1958ல்தான் முன்சீஃப். 1974ல் மாவட்ட நீதிபதி. 1983ல் உயர் நீதிமன்ற நீதிபதி. 1989 ஏப்ரலில் அங்கிருந்து ஓய்வு. வேலை முடிந்தது என்று யாரும் நினைக்கக்கூடிய வயது, அறுபத்திரண்டு. அதே வருஷம் அக்டோபர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அந்த நீதிமன்றம் தொடங்கி முப்பத்தொன்பது வருஷத்தில் அங்கே போய் அமர்ந்த முதல் பெண் அவர்தான். முன்சீஃப் ஆவதற்கே எட்டு வருஷம் காத்திருந்தவர். ஒரு இன்டர்வியூ தவறினால் எட்டு மாதம் உட்கார வைத்த நாங்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத் தலைகுனிந்தோம். 2023 நவம்பரில், தொண்ணூற்றாறு வயதில், கொல்லத்தில் அவர் வஃபாத் ஆனார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் தலையில் இருந்தது சேலைத் தலைப்பு. நம் வன்னிம்மாமார்கள் சேலைமேல் வெள்ளைத் துப்பட்டி போட்டார்கள். மலையாளம் பேசும் வீடுகளில் காச்சித் துணியும் குப்பாயமும் தட்டமும். கறுப்பு அபாயா நம் பக்கம் பரவியது வளைகுடாவுக்கு ஆள் போகத் தொடங்கிய பிறகுதான். அது வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்களில் பாதிப்பேர் அதைத்தான் போட்டிருக்கிறோம். கண்ணியம் ஒரே தையலில்தான் இருக்கிறது என்று பிள்ளைகளை நெருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். வாப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. சூரா நூரில் பார்வையைத் தாழ்த்தும்படியான கட்டளை முதலில் ஆண்களுக்குத்தான் வருகிறது, பெண்களுக்கானது அதற்கு அடுத்த வசனம். மகனுக்கு அதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்?

பிள்ளைகளே, எங்கே தடை வந்தாலும் அது எந்தக் காரணத்தால் வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். 2022ல் கர்நாடகத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் சீருடை உத்தரவு, மார்ச்சில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். அவர்களில் நீதியரசர் துலியா, அந்தப் பெண்பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்பதையே பெரிதாக எடுத்துக்கொண்டார். அங்கே படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு, வேறு கல்லூரி தேடிப்போனவர்கள் உண்டு, மனமில்லாமல் வகுப்பறையில் மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் படித்தவர்களும் உண்டு. இவர்களில் யாரையும் நாம் குறை சொல்லக் கூடாது. அந்த இடத்தில் நின்றவர்கள் அவர்கள்.

2023ல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் வந்த விஷயம் வேறு மாதிரி. ஆபரேஷன் தியேட்டரில் நீளக் கையும் தலையை மூடும் உறையும் அணிய அனுமதி கேட்டு மாணவிகள் சிலர் கல்லூரி முதல்வருக்கு எழுதினார்கள். முழங்கைக்குக் கீழே துணி இருந்தால் கையைச் சரியாகக் கழுவ முடியாது, கிருமி பரவும் என்பது மருத்துவர்களின் பதில். அதில் வெறுப்பு இல்லை, காரணம் இருக்கிறது. காரணம் இருக்கிற இடத்தில் வழியும் இருக்கும். இங்கிலாந்தில் ஃபரா ரோஸ்லான் என்ற மலேசியப் பெண் மருத்துவம் படிக்கும்போது, நாள் முழுவதும் போட்டிருந்த ஹிஜாபுடன் வந்ததால் தியேட்டரைவிட்டு வெளியே அனுப்பப்பட்டார். அவர் கோபித்துக்கொண்டு படிப்பை விடவில்லை. கிருமி நீக்கிய, ஒருமுறை போட்டு எறிகிற தலைத்துணி ஒன்றை உருவாக்கும் யோசனையைக் கொண்டுபோனார். 2019 டிசம்பரில் ராயல் டெர்பி மருத்துவமனை அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

நம் தோட்டத்துப் பெண்களைப் பாருங்கள். மழையில் கொழுந்து பறிக்க இடுப்பில் படங்கு கட்டுகிறார்கள், தலைக்குப் பிளாஸ்டிக் போடுகிறார்கள். வேலைக்கு எது வேண்டுமோ அது.

நீட் எழுதப் போகிற பிள்ளைகளுக்கு: தலையை மூடி வருவதற்குத் தடை கிடையாது, ஆனால் சோதனைக்கு நேரம் வேண்டும் என்பதால் மற்றவர்களுக்கு முன்பே போய்விட வேண்டும். 2016ல் கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்ததும் இந்த நிபந்தனையோடுதான். ஹால் டிக்கெட்டோடு வரும் குறிப்பை முழுதாகப் படியுங்கள். ஊசி வேண்டாம், பெண் அலுவலர் சோதிக்கும்போது எளிதாக எடுத்துப் போடக்கூடிய மெல்லிய துணி போதும். அங்கே போய் வாக்குவாதம் செய்து பரீட்சை நேரத்தை இழக்க வேண்டாம்.

பெற்றோருக்கு இன்னொன்று. நமக்கு வயநாடு பக்கம். அங்கே பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று எல்லை தாண்டிச் சேர்க்கிறோம். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத்தான் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடியும்போதே யோசியுங்கள், பிளஸ் டூ முடிந்து வந்து கேட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் இப்போதே வாங்கி வையுங்கள். அது இருந்தால்தான் 3.5 சதவீதம் கிடைக்கும்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று பின்வரிசையில் ஒரு உம்மா கேட்கிறார். இப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள், தட்டத்தோடுதான். சம்பளம் அந்தக் கம்பெனி சொன்னதைவிடக் குறைவு, அதை மறைக்கவில்லை. சி.ஏ. முதல் நிலைத் தேர்வு ஒருமுறை எழுதித் தவறிவிட்டாள், மறுபடி எழுதப் போகிறாள். இந்தத் தடவை வீட்டில் யாரும் "போதும்" என்று சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு லுஹருக்குப் பிறகு மதரஸாவில் விண்ணப்பம் நிரப்பித் தர அவளும் வருகிறாள், இன்ஷா அல்லாஹ். மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு கொண்டு வாருங்கள். போட்டோவில் முகம் நெற்றியிலிருந்து தாடை வரை தெளிவாகத் தெரிய வேண்டும், தட்டம் இருக்கலாம். மழை விட்டிருக்கிறது, இப்போதே கிளம்புங்கள். ஒற்றையாகப் போகாமல் சேர்ந்தே போங்கள்.

வஸ்ஸலாம்.