நிற்கும் காரில் கசியும் மின்சாரம்

இறக்காமம் குளத்தை அடுத்து வாழும் வரிப்பத்தான்சேனை விவசாயிக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மதகு பூட்டியிருக்கும்போதே நீர்மட்டம் இறங்குமாயின், குளத்தை நோவதிற் பயனில்லை. எங்கோ கசிவு உண்டு, அதனைத் தேடவேண்டும். ஆயின் அதே விவசாயியின் முற்றத்தில் நிற்கும் கார் நான்கு நாளில் ஓய்ந்துவிட்டால், அவர் பற்றரியைப் பழித்துப் புதியதொன்று வாங்கக் கல்முனைக்கு விரைகிறார். அடுத்த கிழமை புதிய பற்றரியும் ஓய்ந்துவிடுகிறது.

இது பணநட்டம் மட்டுமன்று. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, அம்பாறை வைத்தியசாலைக்குப் புறப்படும் வேளையில், திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்ற ஓசை மட்டுமே கேட்கும் வீட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்ட பற்றரியைப் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே 1859 ஆம் ஆண்டில் அமைத்தார். 1912 இல் கடிலாக் கார் மின்சாரத்தால் இயக்கத் தொடங்கும்வரை, கைப்பிடியைச் சுழற்றியே இயந்திரத்தை எழுப்பினார்கள். அந்தக் காலத்துக் கார் நிறுத்தப்பட்டால் உறங்கிவிடும். இன்றைய கார் உறங்குவதேயில்லை. பூட்டு, எச்சரிக்கை மணி, சிறு கணினிகள் யாவும் இரவெல்லாம் விழித்திருக்கின்றன. 2020 ஆம் ஆண்டு ஊரடங்கிலும் 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டிலும் இலங்கை முற்றங்களில் நாட்கணக்காக நின்ற கார்கள் இதனைப் பலருக்குக் கற்பித்தன.

விழித்திருப்பதற்கும் ஓர் அளவுண்டு. நல்ல நிலையிலுள்ள கார் நிற்கும்போது ஏறத்தாழ 0.05 அம்பியருக்கு மேல் இழுக்கலாகாது. அதுவே நாளொன்றுக்கு 1.2 அம்பியர்-மணியாகிறது, 45 அம்பியர்-மணிப் பற்றரி அதனைப் பல நாள் தாங்கும். பின்பெட்டியில் அணையாது எரியும் ஐந்து வாற்றுச் சிறு விளக்கோ 0.4 அம்பியர் இழுக்கும். இரண்டரை நாளில் பற்றரியின் பாதிக்கு மேல் போய்விடும்! மூடிய பெட்டிக்குள் விளக்கு எரிகிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

முதலில் பற்றரியா, கசிவா என்பதைத் தீர்க்கவேண்டும். பற்றரியை முழுதாக மின்னேற்றிச் சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் 12.6 வோல்ற்று அளவில் இருக்கவேண்டும், 12.2 என்றால் பாதி, 12 க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் வெறுமை. நிறைந்த பற்றரியின் மறை முனைக் கம்பியைக் கழற்றி ஓரிரவு வைத்துப் பாருங்கள். காலையிலும் அளவு நின்றால் பற்றரி குற்றமற்றது. கம்பியைக் கழற்றியும் இறங்கினால் நோய் பற்றரிக்குள்ளேயே இருக்கிறது. இயந்திரம் ஓடும்போது 14 வோல்ற்று அளவு வருகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். மின்னேற்றமே நிகழாத வண்டியில் கசிவைத் தேடுவது வீண்வேலை.

கசிவு என்று தெளிந்தால், பல்மானியை 10 அம்பியர் நிலையில் வைத்து, கழற்றிய கம்பிக்கும் மறை முனைக்கும் இடையே இணைக்கவேண்டும். அப்போது இயந்திரத்தைத் தொடக்கினால் கருவி கெட்டுவிடும். கார்க் கணினிகள் உறங்கச் சில வேளை ஒரு மணி நேரமும் ஆகும். அவசரக்காரர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இணைத்தவுடன் காணும் பெரிய எண்ணைக் கண்டு, இல்லாத கசிவைத் தேடி அலைகிறார்கள்.

எண் இறங்காமல் நின்றால், வட்டவிதானையார் செய்வதையே செய்யவேண்டும். நீர் எந்த வாய்க்காலில் போகிறதென அறிய, அவர் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பார். அவ்வாறே உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். எதனைக் கழற்றியதும் எண் சட்டென்று வீழ்கிறதோ, அந்த வழியில் கசிவு இருக்கிறது. கதவைத் திறந்தால் கணினி மீண்டும் விழிக்கும்; ஆதலால் கதவின் பூட்டுநாக்கை முன்னமே ஒரு திருகாணி முடுக்கியால் மடித்து வைப்பது நலம்.

பெரும்பாலும் அகப்படுபவை பின்னாளில் பொருத்திய வானொலி, படப்பிடிப்புக் கருவி, எச்சரிக்கை மணி முதலியனவே. திறப்பின் வழியாக வராது பற்றரியிலிருந்தே நேராக மின்சாரம் எடுக்கும்படி யாரோ அவற்றை இணைத்திருப்பார்கள். மலிவான வேலை, விலையோ பின்னால் தெரிகிறது. எந்த உருகியைக் கழற்றியும் எண் மாறாவிடின், மின்னேற்றும் ஒல்டனேற்றரின் டயோடு பழுதாகியிருக்கலாம். அது கராஜ்காரரின் வேலை.

ஹைபிரிட் கார் வைத்திருப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் 12 வோல்ற்றுச் சிறு பற்றரி ஓய்ந்தால் வண்டி எழாது. செம்மஞ்சள் நிறத் தடித்த கம்பிகளைத் தொடவே கூடாது. அவற்றில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் உண்டு.

ஓய்ந்த பற்றரியை நாட்கணக்கில் அப்படியே விட்டால் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகி, மீண்டும் நிறையாமற் போகும். பத்து நிமிடம் இயந்திரத்தை ஓட்டுவது போதாது. இரவு முழுதும் மெல்ல மின்னேற்றுவதே முறை. அவ்வேளை ஐதரசன் வாயு வெளிப்படுமாதலால் அருகில் புகைபிடித்தலாகாது.

வீட்டார் வெளிநாடு செல்ல, மாதக்கணக்கில் நிற்கவேண்டிய காருக்கு மறை முனைக் கம்பியைக் கழற்றி வைத்தாலே போதும். மணிக்கூட்டையும் வானொலி நிலையங்களையும் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும், அவ்வளவே.