நாற்காலியை விட்டு எழுமுன்

கொழும்பிலே பெரிய கம்பனியொன்றின் கணக்குப் பகுதியில் 20 ஆண்டுகள் உழைத்து, இன்று அப்பகுதிக்கே தலைவராய் விளங்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வயது நாற்பத்தைந்து. மாதமுடிவிலே சம்பளம் தவறுவதில்லை. காரும் சாரதியும் உண்டு. ஆயினும், இன்று செய்வதையே நாளையும் செய்யவேண்டுமே என்ற சலிப்பு அவரை வாட்டுகின்றது. உத்தியோகத்தைத் துறந்து, பல நிறுவனங்களுக்கும் ஆலோசகராய் நின்றால் என்ன என்று நினைக்கிறார். வீட்டிலோ மூத்த பிள்ளை உயர்தர வகுப்பில் படிக்கிறது.

இத்தகையவரைக் கோழை என்பதும் பேராசைக்காரர் என்பதும் எளிது. இரண்டும் முறையல்ல. அவர்முன் கிடப்பது ஒரு கணக்கு. ஊரார் கணக்கையெல்லாம் திருத்துபவர் தம் கணக்கிலே தடுமாறுவதுதான் வேடிக்கை.

அவர் கைக்கு வரும் சம்பளத்தையே எண்ணுகிறார். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடம் கழிக்கப்படும் 8 வீதத்தோடு, கம்பனி தன் பங்காக 12 வீதம் செலுத்துகிறது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ, சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளத்தை உரிமையாக்கியிருக்கிறது. கூட்டிப் பார்த்தால், 12 மாத உழைப்புக்கு 14 மாதச் சம்பளத்துக்கு மேலே சேர்கிறது. காரின் பெறுமதி இதில் அடங்காது.

இனி ஆலோசகரின் ஆண்டைப் பார்ப்போம். வேலை நாள்கள் 240 என்று வைத்துக்கொண்டாலும், வேலை தேடிச் செல்வதும், கூலியின்றிப் பேசிப் பார்ப்பதும், முடித்த வேலைக்குப் பணம் கேட்டு நடப்பதும் அவற்றிற் பாதியை விழுங்கிவிடக்கூடும். மிஞ்சிய 120 நாள்களில் பழைய வருவாயை எட்டவேண்டுமானால், முன்னர் ஒரு மாதத்திற்குப் பெற்ற சம்பளத்தை எட்டொன்பது நாளிலே ஈட்டியாகவேண்டும். அறிவுக்கு விலை கேட்க நாணுகின்ற நம்மவர்க்கு இத்தொகையை வாய்விட்டுச் சொல்வதே பெருஞ் சோதனை! சொல்லத் தயங்கிக் குறைத்துப் பேசுபவர் முதல் நாளே நட்டத்தில் இறங்குகிறார்.

ஆனால் மாதச் சம்பளமும் அசையாத பாறையன்று. 2022 செப்டெம்பரிலே கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தபோது, சம்பளக்காரரின் குடும்பங்களும் அரிசியை அளந்துதான் உலையிலிட்டன. ஆகவே, இருந்த இடத்திலே இருப்பதுதான் பாதுகாப்பு என்று முடிவுகட்டிவிடவும் இயலாது.

அமெரிக்காவிலே புரூஸ் ஹென்டர்சன் என்பவர் வெஸ்ரிங்ஹவுஸ் கம்பனியில் துணைத்தலைவர் பதவிவரை உயர்ந்தவர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பொஸ்ரன் ஆலோசனை நிறுவனத்தை 1963இல் அவர் தொடங்கியபோது வயது 48. முதல் மாதத்து வரவு 500 டொலர்தான். அவர் துணிவைப் புகழ்வோர் இரண்டு செய்திகளை விட்டுவிடுகின்றனர். கம்பனியை விட்டதும் அவர் தனித்து நிற்கவில்லை, ஆர்தர் டி. லிற்றில் என்னும் ஆலோசனை நிறுவனத்திற் சேர்ந்து அத்தொழிலைப் பழகினார். தாம் தொடங்கிய நிறுவனமும் ஒரு வங்கியின் நிழலிலே, அதன் ஒரு பிரிவாகவே பிறந்தது.

நம் கணக்காளருக்கு வங்கியின் நிழல் இல்லை. 20 ஆண்டுச் சேவைக்குரிய பணிக்கொடை 10 மாதச் சம்பளம் உண்டு. சேமலாப நிதியோ, பொதுவாக ஆண்களுக்கு 55 வயதுவரை கைக்கு வராது. எனவே அந்தப் பத்து மாதப் பணம் வீட்டுக்கு மேல்மாடி கட்டுவதற்கன்று. அதுவே குடும்பத்தின் விதைநெல். இதனை மனைவியோடு கலந்து பேசாமல் முடிவுசெய்பவர், பிறருக்கு என்ன ஆலோசனை கூறப்போகிறார்?

இன்னுமொரு கேள்வி எஞ்சுகிறது. அவரைத் தேடி வருவோர் அவருடைய அறிவைத் தேடி வருகின்றனரா, அவர் அமர்ந்திருக்கும் நாற்காலியைத் தேடி வருகின்றனரா? கம்பனியோடு கொடுக்கல் வாங்கல் ஏதுமின்றி, கடந்த இரண்டாண்டுகளில் அவரிடம் யோசனை கேட்டு வந்தவர்களின் பெயர்களை ஓரிரவு தனியே இருந்து எழுதிப் பார்க்கட்டும். ஐந்தாறு பெயர்கள் தேறினால், இராசினாமாக் கடிதத்தின் திகதியைப் பற்றி யோசிக்கலாம். ஒன்றுமே தேறாவிடின், கம்பனியின் அனுமதியோடு சனிக்கிழமைகளில் சிறு வியாபாரிகள் சிலரின் கணக்குகளைப் பார்த்துக் கொடுத்து, அடுத்த ஆண்டு அதே தாளை மீண்டும் எடுக்கட்டும்.