மவுஸ் அடிக்கடி துண்டிக்கப்படுகிறதா? முதலில் ‘எப்போது?’ என்று கேளுங்கள்

(கருவேப்பிலங்குறிச்சியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய பொருள். பாடநூல் அதைச் ‘சுட்டி’ என்கிறது. நாமும் பிள்ளைகளும் மவுஸ் என்கிறோம். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இணையவழித் தேர்வு நடக்கும்போது ஒரு மவுஸ் நின்று நின்று வேலை செய்தால், அந்தக் கணினியின் முன் அமர்ந்த பிள்ளைக்கு என்ன ஆகிறது? விடை தெரியும், தேர்வு செய்ய முடியவில்லை. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை, ‘எனக்குக் கம்ப்யூட்டர் வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறது. கோளாறு கம்பியில்; பழி பிள்ளையின் மேல். அதனால்தான் இது பேச வேண்டிய பொருள்.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். சூளையிலிருந்து எடுத்த பாத்திரத்தில் விரிசல் இருந்தால், அனுபவமுள்ள தொழிலாளி விரிசலின் விளிம்பைப் பார்ப்பார். மேற்பூச்சு உருகி விளிம்பு மழுங்கியிருந்தால், பூச்சு உருகுவதற்கு முன்பே விரிசல் விழுந்திருக்கிறது. விளிம்பு கூர்மையாக இருந்தால், சூடு ஆறும்போது விழுந்தது. எப்போது நேர்ந்தது என்று தெரிந்தால், ஏன் நேர்ந்தது என்பதில் பாதி தெரிந்துவிடும். மவுஸுக்கும் இதே கேள்விதான்: எப்போது துண்டிக்கப்படுகிறது?

அதற்குமுன் இணைப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சாதாரண யு.எஸ்.பி. மவுஸின் கம்பிக்குள் நான்கு இழைகள் உள்ளன. பெரும்பாலும் சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரம் கொண்டுவருபவை. வெள்ளையும் பச்சையும் தகவலுக்கானவை. மவுஸுக்குள் இருக்கும் 1,500 ஓம் மின்தடை, ஒரு தகவல் இழையின் மின்னழுத்தத்தை உயர்த்திப் பிடித்திருக்கும். அதைப் பார்த்துத்தான் ‘இங்கே ஒரு கருவி இருக்கிறது’ என்று கணினி அறிகிறது. அந்த அழுத்தம் விநாடியில் சுமார் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு நேரம் விழுந்தாலே போதும். மவுஸைக் கழற்றிவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். கம்பி முழுதாக அறுபட வேண்டியதில்லை. உள்ளே ஓர் இழை விட்டு விட்டுத் தொட்டாலே கோளாறுதான்.

இனி ‘எப்போது’ என்பதற்கு வருவோம்.

மவுஸை நகர்த்தும்போது துண்டிக்கப்படுகிறது என்றால் கம்பியைச் சந்தேகியுங்கள். மவுஸுக்குள் கம்பி நுழையும் கழுத்துப் பகுதியிலும், செருகியை ஒட்டிய பகுதியிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது அடியிலுள்ள விளக்கு அணைந்து எரிந்தால் இழை உள்ளே முறிந்திருக்கிறது. பயன்படுத்தி முடித்ததும் கம்பியை மவுஸின் மேலேயே இறுக்கிச் சுற்றி வைக்கும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். தளர்வாக, பெரிய வளையமாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.

சிறிது நேரம் சும்மா இருந்த பிறகு துண்டிக்கப்படுகிறது என்றால் பெரும்பாலும் மின்சேமிப்பு அமைப்பு காரணமாக இருக்கும். விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘யு.எஸ்.பி. ரூட் ஹப்’ என்பதன் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்னும் அனுமதியை நீக்குங்கள்.

பென்டிரைவ் அல்லது வெப்கேம் செருகியதும் துண்டிக்கப்படுகிறது என்றால், எல்லாம் ஒரே ஹப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். யு.எஸ்.பி. 2.0 துளை ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர். தனி மின்இணைப்பு இல்லாத ஹப்பில் அந்த அளவைத்தான் எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மவுஸை நேரே கணினியின் பின்புறத் துளையில் செருகுங்கள்.

கம்பியில்லா மவுஸ் என்றால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பிறகு, கணினியில் செருகும் சிறு ரிசீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கம்பியில்லா மவுஸ்கள் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபையும் அதைப் பயன்படுத்துகிறது. நீல நிறமுள்ள யு.எஸ்.பி. 3.0 துளையில் ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போது அதே பகுதியில் மின்காந்த இரைச்சல் எழும். ஆகவே ரிசீவரை அதிலிருந்து தள்ளி, மவுஸுக்கு நேர் எதிரே வருமாறு செருகுங்கள். திறன்மிகு வகுப்பறையில் அது திரையின் பின்னால் மறைந்திருந்தால், சிறு நீட்டிப்புக் கம்பி போட்டு முன்னால் கொண்டுவாருங்கள்.

‘எப்போது’ என்று பிடிபடவில்லையா? இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறான மவுஸை நன்றாக இயங்கும் கணினியிலும், அந்தக் கணினியின் மவுஸை இங்கேயும் செருகுங்கள். கோளாறு மவுஸோடு போனால் மவுஸில் குறை; கணினியோடே நின்றால் துளையிலோ அமைப்பிலோ குறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மவுஸையும் துளையையும் சேர்த்து மாற்றினால் கோளாறு போய்விடலாம், காரணம் தெரியாது. நாம் அறிவியல் பாடத்தில் சொல்லித்தரும் சோதனை முறையும் இதுதானே?

துளையில் தூசி இருந்தால் கணினியை அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். குண்டூசி, ஹேர்பின் எதுவும் உள்ளே போகக் கூடாது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள கருவியைத் திறக்கவும் வேண்டாம். ஆனால் புகார் தரும்போது ‘மவுஸ் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘வேறு கணினியில் இந்த மவுஸ் சரியாக இயங்குகிறது, இந்தக் கணினியின் முன்புறத் துளை இரண்டிலும் துண்டிக்கப்படுகிறது’ என்று எழுதுங்கள். வருபவர் உரிய பொருளோடு வருவார்.

தேர்வின் நடுவே மவுஸ் நின்றுவிட்டால்? முதலில் ‘கேப்ஸ் லாக்’ விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு மாறாவிட்டால் கணினியே உறைந்திருக்கக்கூடும். மவுஸைக் குறை சொல்ல வேண்டாம். விளக்கு மாறினால், மாற்று மவுஸ் வரும்வரை விசைப்பலகையாலேயே சமாளிக்கலாம். விண்டோஸில் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் கேள்விக்கு ‘யெஸ்’ கொடுங்கள். பிறகு வலப்பக்க எண் விசைகளில் 8, 2, 4, 6 ஆகியவை சுட்டியை நகர்த்தும்; 5 கிளிக் செய்யும். இதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பழுதான மவுஸ்களை எல்லாம் அலமாரியில் போட்டுப் பூட்டாதீர்கள். ஆய்வகத்தில் ஒரு நோட்டு வையுங்கள்: கணினி எண், எப்போது துண்டிக்கப்பட்டது, எதை மாற்றினோம், என்ன ஆயிற்று. நான்கே பத்திகள். அதைப் பிள்ளைகளே எழுதட்டும். தன்னால் கோளாறு என்று நினைத்த பிள்ளை, கோளாறு எங்கே என்று தானே கண்டுபிடித்து எழுதும்போது, கணினியிடம் இருந்த பயம் போய்விடும்.