பிள்ளையின் தங்கமீனுக்கு ஒரு தொட்டி



சம்பளம் போட்ட வாரத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாசார் மாலாமுக்குப் போகிறோம். அங்கே மீன் விற்பவரின் மேசையில், தண்ணீர் நிரப்பிய பிலாஸ்திக் பைகளில் தங்கமீன்கள் மின்னுகின்றன. பிள்ளை கையைப் பிடித்து இழுக்கிறது. ஒரு மீனும் உருண்டையான கண்ணாடிக் குவளையும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. மூன்றாம் நாள் தண்ணீர் கலங்குகிறது. ஒரு வாரத்தில் மீன் செத்து மிதக்கிறது. பிள்ளை அழுகிறது. “நமக்கு மீன் ராசி இல்லை” என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

நேயர்களே, இதில் ராசிக்கு வேலையே இல்லை. தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. சீன நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்க்கப்பட்டு வரும் மீன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். இங்கிலாந்தில் 1956-ஆம் ஆண்டு ஒரு சந்தையில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் 1999-ஆம் ஆண்டு வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட மீன் நம் வீட்டில் ஒரே வாரத்தில் ஏன் சாகிறது?

ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதற்கான விடை எளிதில் புரியும். பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அம்மோனியா கலப்பார்கள் அல்லவா? அதன் நெடி மூக்கில் ஏறினால் கண்ணில் நீர் வந்துவிடும். அதே அம்மோனியாதான் மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் தண்ணீரில் சேருகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது பரவிக் கரைந்துவிடும். சின்னக் குவளையில் அதற்குப் போக்கிடம் இல்லை. நமக்கு நெடி தெரியாத அளவிலேயே அது மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். ஆக, மீன் வளர்ப்பது என்பது முதலில் தண்ணீரை வளர்ப்பதுதான்.

தண்ணீரை எப்படி வளர்ப்பது? கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் சில உண்டு. ஒரு வகைக் கிருமி அம்மோனியாவை நைட்ரைட் என்னும் பொருளாக மாற்றும். அதுவும் மீனுக்கு நஞ்சுதான். இன்னொரு வகைக் கிருமி நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குத் தீங்கு அதிகம் இல்லை. இந்தக் கிருமிகள் தொட்டியில் பெருகக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். எனவே முதலில் தொட்டி, பிறகு மீன் என்பதே சரியான முறை.

தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். உருண்டைக் குவளை வேண்டாம். 60 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம் உள்ள தொட்டியில் 35 சென்டிமீட்டர் வரை நீர் ஊற்றினால் 84 லிட்டர் பிடிக்கும். வால் விரிந்த குட்டை வகைத் தங்கமீன் ஒன்றிரண்டுக்கு இது போதும். ஒற்றை வால் கொண்ட நீள வகை 20, 30 சென்டிமீட்டர் கூட வளரும். அதற்குப் பெரிய தொட்டி வேண்டும். கண்ணாடித் தொட்டி வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அதே அளவுள்ள புதிய பிலாஸ்திக் தொட்டியே போதும். ஆனால் பால் வாளி, களைக்கொல்லி மருந்து கலந்த வாளி ஆகியவற்றை எத்தனை முறை கழுவினாலும் மீனுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

84 லிட்டர் நீர் 84 கிலோ எடை இருக்கும். ஆகவே ஆட்டம் இல்லாத உறுதியான மேடையில் தொட்டியை வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, உச்சி வெயிலில் வீடு எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தங்கமீனோ குளிர்ந்த நீரை விரும்புவது. நீர் சூடாகச் சூடாக, அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். அதனால் வெயில் படாத, காற்றோட்டமான மூலையே நல்லது. காற்றுப் பம்பும் பஞ்சு வடிகட்டியும் இரவு பகலாக ஓட வேண்டும். அந்தப் பஞ்சில்தான் நல்ல கிருமிகள் குடியிருக்கும். மின்கம்பி, பிளக்கைவிடக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி இருக்கட்டும். அப்போது கம்பி வழியே வழியும் நீர் பிளக்குக்குள் போகாது.

குழாய் நீரில் குளோரின் இருக்கும். அது மீனுக்கும் நல்ல கிருமிகளுக்கும் பகை. வாளியில் பிடித்து ஒரு நாள் முழுதும் வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். வாளியை மெல்லிய வலைத்துணியால் இறுக மூடி வையுங்கள். திறந்து கிடக்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். மீன் வளர்க்கப் போய் வீட்டுக்கு டிங்கிக் காய்ச்சலை வரவழைக்கக் கூடாது. சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமீன் கலக்கப்படுகிறது. அது வைத்திருப்பதால் மட்டும் போகாது. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சொன்ன அளவில் விட வேண்டும்.

நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும், கிருமிகள் பெருகும். அண்டை வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி வந்து போடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போல வேலை விரைவில் நடக்கும். கடையில் கிடைக்கும் பரிசோதனைத் தாளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பிறகே மீனை விடலாம்.

“மீன் ஏற்கனவே வீட்டுக்கு வந்துவிட்டதே, என்ன செய்வது?” என்று சிலர் கேட்பீர்கள். அதற்கும் வழி உண்டு. இருப்பதிலேயே பெரிய தொட்டியில், குளோரின் நீக்கிய நீரை நிரப்புங்கள். மீன் இருக்கும் பையைக் கட்டவிழ்க்காமல் கால் மணி நேரம் நீரின் மேல் மிதக்க விடுங்கள். பிறகு மீனை மட்டும் எடுத்து விட்டுவிட்டு, பை நீரைக் கீழே கொட்டிவிடுங்கள். அடுத்த சில வாரங்களுக்குத் தினமும் நான்கில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்ற வேண்டும். முழு நீரையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கினால், உடனே பாதி நீரை மாற்றுங்கள்.

அடுத்து உணவு. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. நாம் போடுவதையெல்லாம் உண்ணப் பார்க்கும், மிச்சம் அழுகும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். புதுத் தொட்டியில் நாளுக்கு ஒரு வேளை போதும். சோறும் ரொட்டியும் வேண்டாம். அம்மா ஒரு முறை, தம்பி ஒரு முறை, தாத்தா ஒரு முறை என்று ஆளுக்கொரு பிடி போட்டால் மீன் தாங்காது. அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். பெரியவர் ஒருவர் கவனித்துக்கொண்டால் போதும்.

தொட்டி பழகிய பின், வாரம் ஒரு முறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். வளர்த்த கிருமிகள் செத்துவிடும். எடுத்த பழைய நீரிலேயே அலசிப் பிழியுங்கள். பிறகு அந்த நீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்றுங்கள். செம்பனைக்குப் போடும் உரத்தில் உள்ள நைட்ரஜன் சத்து அதிலும் உண்டு. கொசுப் புகை அடிக்க வரும் நாளில் பம்பை நிறுத்தி, தொட்டியை நன்றாக மூடிவிடுங்கள். புகை அடங்கியதும் திறந்து ஓடவிட மறக்காதீர்கள்.

இன்னும் ஒரு செய்தி. வளர்க்க முடியாமல் போனால், மீனை ஆற்றிலோ ஈயக்குட்டையிலோ விட்டுவிடாதீர்கள். அது சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும். நம் நாட்டு மீன்களுக்கு நோயும் பரப்பலாம். வளர்க்க விரும்பும் வேறு ஒருவரிடம் கொடுங்கள்.

மீன் இல்லாத தொட்டியை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைக்குக் கடினந்தான். நாட்காட்டியில் தினமும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். “மீனுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம்” என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை காத்திருக்கும்.