எல்லோருக்கும் சொந்தமான வரைபடம்



2010 ஜனவரி 12. கரீபியத் தீவு நாடான ஹைட்டியில் மாலை ஐந்து மணி ஆகப்போகும் நேரம். 7.0 அளவிலான நிலநடுக்கத்தில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கிப் போனது. பல நாடுகளிலிருந்து மீட்புக் குழுக்கள் வந்து இறங்கின. ஆனால் எந்தத் தெரு எங்கே போகிறது, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று காட்ட அவர்கள் கையில் நல்ல வரைபடம் இல்லை. அந்நாட்டு நிலவரைபட மையத்தின் கட்டடமே இடிந்து கிடந்தது.

அப்போது, ஹைட்டியைக் கண்ணால்கூடப் பார்த்திராத நூற்றுக்கணக்கானோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தங்கள் கணினி முன் அமர்ந்தார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தன்னார்வலர்கள் அவர்கள். செயற்கைக்கோள் நிறுவனங்கள் புதிய படங்களை இலவசமாகக் கொடுத்தன. அந்தப் படங்களைப் பார்த்துச் சாலைகளையும் பாலங்களையும் இடிந்த கட்டடங்களையும் கூடார முகாம்களையும் வரைந்தார்கள். பழைய வரைபடங்களிலிருந்து தெருப் பெயர்களை எடுத்துச் சேர்த்தார்கள். சில நாட்களுக்குள் அந்த நகரத்துக்கு விரிவான வரைபடம் கிடைத்தது. மீட்புக் குழுவினர் அதைக் கையடக்க ஜி.பி.எஸ். கருவிகளில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது? யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. காரணம் அவ்வளவுதான்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் பிரிட்டனில் பிறந்தது. தொடங்கியவர் ஸ்டீவ் கோஸ்ட். அங்கே அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடத் தரவுகளைப் பயன்படுத்தப் பெரும் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அவற்றைப் பிறரோடு பகிரவும் முடியாது. அப்படியானால் நாமே வரைவோம் என்று சிலர் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்தும் சைக்கிளில் போயும் சாலைகளைப் பதிந்தார்கள். இன்று அது உலகம் முழுவதற்குமான வரைபடம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், அதை வைத்துத் தொழிலும் செய்யலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும். தரவைத் திருத்தி வெளியிட்டால் அதையும் அதே உரிமையோடு பகிர வேண்டும். நிபந்தனை இவ்வளவே.

வரைபடம் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதைக் கேள்வி கேட்க மென்பொருள் வேண்டும். நிலத்தின் உயரம் ஓர் அடுக்கு, வாய்க்கால்கள் இன்னோர் அடுக்கு, வீடுகள் மற்றோர் அடுக்கு. இவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, வாய்க்காலிலிருந்து நூறு மீட்டருக்குள் தாழ்வான இடத்தில் எத்தனை வீடுகள் உள்ளன என்று கேட்டால் விடை தருவதுதான் ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் மென்பொருளின் வேலை.

இத்துறையில், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் ஆய்வகம் ஒன்று, ராணுவ நிலங்களைப் பராமரிப்பதற்காக கிராஸ் என்ற மென்பொருளை உருவாக்கியது. 1990-களில் ராணுவம் அதைக் கைவிட்டபோது பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொறுப்பெடுத்துக் காப்பாற்றினார்கள். 2002-இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய இன்னொரு கட்டற்ற மென்பொருள் கியூ.ஜி.ஐ.எஸ். இன்று எந்த மாணவரும் எந்த ஊராட்சியும் ஒரு பைசா செலவில்லாமல் அதைத் தரவிறக்கிக் கொள்ளலாம்.

காசு மிச்சம் என்பதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. கணக்குப் போடும் முறை ஒளிவுமறைவில்லாமல் நம் முன் இருக்கிறது. எந்த நிலம் வெள்ளத்தில் மூழ்கும், சாலை எந்த ஊர் வழியாகப் போகும் என்பதையெல்லாம் இன்று கணினிதான் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்த முடிவால் பாதிக்கப்படுபவர் அந்தக் கணக்கைத் தாமே போட்டுச் சரிபார்க்க முடிய வேண்டும். மூடிய மென்பொருளில் காசு கொடுத்தவருக்கும் அந்த முறை தெரியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையும் திறந்த வரைபடத்தின் அருமையைக் கண்டது. தண்ணீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்துக் காட்டும் ஓர் இணைய வரைபடம், ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவின் மேல் உருவாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தெருக்கள் அதில் குறிக்கப்பட்டன.

ஆனால் ஆர்வலர் நிறைந்த நகரங்களில் சந்து பொந்துவரை பதிவாகியிருக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப், ஆர்வலர் இல்லாத கிராமங்களில் வெறுமையாகக் கிடக்கிறது. நம் ஊர்களில் பல இன்னும் அப்படித்தான் இருக்கின்றன. ஏரிக்குப் பெயர் இருக்காது. ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும் இடமே தெரியாது.

இந்த வெறுமையை நாமே நிரப்பலாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வரைபடத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் இந்தியர்களுக்கு முன்அனுமதி தேவையில்லை. பாதுகாப்பு சார்ந்த சில இடங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே தயங்காதீர்கள். உங்கள் ஊர்க் கண்மாயை, பள்ளிக்கூடத்தை, மருந்துக் கடையை அவற்றின் தமிழ்ப் பெயரோடு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பதியுங்கள். பிற நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்து நகலெடுக்காமல், நேரில் கண்டதை மட்டும் எழுதுங்கள். ஆசிரியர்களே, ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். ஆபத்து வந்தபின் வரைபடம் தேடும் நிலை நம் ஊருக்கு வர வேண்டாம். இப்போதே வரைந்து வைப்போம்.