சைவத் தட்டை எடைபோட்டால்



ஆடி பிறந்தால் செஞ்சி, பனமலைப் பக்கத்து ஊர்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய் வெந்து குழைந்ததும் அதில் ஊற்றிக் கட்டி தட்டாமல் துழாவிக் காய்ச்சுகிற கூழ். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. மற்ற நாள்களில் தட்டில் குவித்த வெள்ளைச் சோறு, மேலே சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை, நாங்க சைவம்” என்று சொல்லும் வீட்டிலும் இதே தட்டுதான். இந்தச் சைவம் உடம்புக்கு எந்த அளவு நல்லது? பல்லாண்டுகள் நடந்த ஆராய்ச்சிகளை வைத்துப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 48,000 பேரைச் சுமார் 18 ஆண்டுகள் கவனித்து 2019-இல் கணக்குச் சொன்னார்கள். இறைச்சி சாப்பிடுகிறவர்களைவிடச் சைவர்களுக்கு மாரடைப்பு வகை இதயநோய் 22 சதவீதம் குறைவு. பக்கவாதமோ 20 சதவீதம் கூடுதல். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நம்மில் பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம். தவிர, அங்கே சைவத்துக்கு மாறுகிறவர் பொதுவாக உடல்நலத்தில் அக்கறை உள்ளவர். இங்கே நாம் பிறந்த வீட்டுப் பழக்கத்தால் சைவம். அவர்கள் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது.

என் கணிப்பில் இதைவிட முக்கியமானது 2017-இல் வந்த ஹார்வர்டு ஆய்வு. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத்துறைப் பணியாளர்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தவர்கள், தாவர உணவையே இரண்டாகப் பிரித்தார்கள். முழுதானியம், பருப்பு, காய், பழம், கொட்டைகள் ஒரு பக்கம். தீட்டிய தானியம், இனிப்பு, சர்க்கரைப் பானம், உருளைக்கிழங்கு மறுபக்கம். முதல் வகையை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு இதயநோய் 25 சதவீதம் குறைவு. இரண்டாம் வகைக்காரர்களுக்கு 32 சதவீதம் கூடுதல். இரண்டுமே தாவரம்தான்! டீயும் காபியும்கூட நல்ல பட்டியலில் இருக்கின்றன. நம் டீக்கடைச் சர்க்கரை தனிக் கணக்கு.

நம் தட்டு எந்தப் பக்கம்? சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழு 2001-இல் 26,001 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வில் பதில் இருக்கிறது. நகரத்தார் சாப்பாட்டில் கிட்டத்தட்ட பாதிச் சக்தி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு வெள்ளையரிசி. அதை மிக அதிகம் சாப்பிட்டவர்களிடம் நீரிழிவும் அதிகம் காணப்பட்டது. இதெல்லாம் புதிய சேதியும் அல்ல. குன்னூரில் 1918-இல் ஒரே அறையில் பெரிபெரி என்ற வைட்டமின் பற்றாக்குறை நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கிய பிரிட்டிஷ் மருத்துவர் மெக்காரிசன், பின்னாளில் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் கொண்ட சீக்கியர் சாப்பாடு முதலிடம். மதராசிச் சோறு கடைசி. எலியோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்; சென்னைக் கணக்கோ மனிதர்களுடையது.

அரிசியை ஒழிக்கச் சொல்லவில்லை. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பருப்பும் கீரையும் காயும் வரட்டும். வாரத்தில் சில வேளை கம்பு, கேழ்வரகு, சாமை. செஞ்சிச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வரும் மல்லாட்டையை (வேர்க்கடலையை) எண்ணெய்க்கும் உருண்டைக்கும் மட்டும் ஒதுக்காமல், ஒரு கைப்பிடி வேகவைத்துத் தின்னலாம்.

சைவத்துக்கு உண்மையான குறை ஒன்று உண்டு. பி12 வைட்டமினைத் தாவரங்கள் தருவதில்லை. ஆடிக் கூழுக்குத் தொட்டுக்கொண்ட கருவாட்டுக் குழம்பில் அது இருந்தது. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. புணே அருகே ஆறு கிராமங்களில் 1993-இல் தொடங்கிய ஆய்வில் கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்கு பி12 போதவில்லை. அந்தக் குறையோடு ஃபோலிக் அமிலம் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி தெரிந்தது. ஆகவே முழுச் சைவர்கள், முதலில் கர்ப்பிணிகள், ரத்தத்தில் பி12 அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் மருத்துவர் மாத்திரையோ ஊசியோ கொடுப்பார்.