புல்லும் ஒரு போர்வை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பணி ஓய்வுக்குப் பின் எளிய வாழ்வு குறித்துப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். நான் பேச்சாளன் அல்லன். கோத்தா திங்கியில் இரண்டு ஏக்கர் நிலத்தில் வாழை, மரவள்ளி, முருங்கை, டுரியான் வைத்திருப்பவன். ஆகவே அந்த நிலம் எனக்குக் கற்பித்த ஒன்றை மட்டும் சொல்லி அமர்கிறேன்.

நான் பிறந்தது ரப்பர்த் தோட்ட லயத்தில். அப்பாவுக்குப் பால்வெட்டு, அம்மாவுக்குப் புல்வெட்டு. ஆயுள் முழுதும் மண்ணிலேயே உழைத்த அவ்விருவர் பெயரிலும் ஒரு முழ மண்கூட இருந்ததில்லை. தோட்டம் கைமாறியபோது லயத்து வீட்டையும் விட்டு வெளியேறினோம். "நமக்குன்னு கொஞ்சம் மண்ணு இருந்தா போதும்டா" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். பாசிர் கூடாங்கில் பல்லாண்டு ஷிப்டு வேலை பார்த்த என்னை, 2005ஆம் ஆண்டில் கோத்தா திங்கிக்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்தச் சொல்தான். அதைப் பார்க்க அம்மா இல்லை.

நிலத்துக்கு வந்தேனே தவிர, தொழிற்சாலையின் அவசரத்தை விட்டுவிட்டு வரவில்லை. இன்று நட்டது நாளை காய்க்க வேண்டும், நிலம் கூட்டிப் பெருக்கிய கூடம்போல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நிரையில் புல் மிஞ்சியதற்காகத் தண்டலிடம் ஏச்சு வாங்கிய அம்மாவின் மகனல்லவா? புல்லைக் கண்டாலே எனக்கு அவமானமாக இருந்தது. களைக்கொல்லி அடித்து, செம்மண் பளிச்சென்று தெரியும்படி செய்தேன். பக்கத்து நிலத்து மலாய்ப் பெரியவர், நான் 'பாக்சிக்' என்று அழைப்பவர், "புல்லை வெட்டு, கொல்லாதே" என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன்.

2006 டிசம்பரில் பெருமழை பிடித்தது. ஜொகூர் ஆறு கரைபுரண்டு கோத்தா திங்கி பட்டணமே மூழ்கியதை இங்குள்ள பலர் அறிவீர்கள். 2007 ஜனவரியில் மறுபடியும் வெள்ளம். மேட்டில் இருந்ததால் என் வீடு தப்பியது. ஆனால் மழை விட்டதும் சரிவில் இறங்கிப் பார்த்தால், வாழையின் வேர்கள் வெளியே தெரிந்தன. கீழே ஓடை செக்கச்செவேலென்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் போனது என் நிலம். பாக்சிக்கின் சரிவோ புல்லோடு அப்படியே இருந்தது. "என்னங்க, அம்மா கேட்ட மண்ணு ஆத்தோட போகுதே" என்றார் என் மனைவி. எனக்குப் பதில் வரவில்லை.

காரணம் எளியது. வெற்று மண்ணில் அறையும் மழைத்துளி மண்ணை உடைத்து, அதன் துளைகளை அடைத்துவிடும். உள்ளே இறங்க வழியில்லாத நீர் மேலே ஓடி, மண்ணையும் வாரிக்கொண்டு போகும். புல்லும் சருகும் இருந்தால் அவை அடியைத் தாங்கிக்கொள்ளும். நீர் மெல்ல இறங்கும். மலாயாவில் ரப்பர் வந்த தொடக்கக் காலத்தில், தோட்டங்களில் புல்லே இல்லாமல் சுரண்டி வைப்பதுதான் ஒழுங்கு என்று நினைத்தார்கள். மண் அரித்து ஆறுகளில் சேறு சேர்ந்த பிறகே, பயறு இனக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கும் வழக்கம் பரவியது. தமிழ்நாட்டில் கரூர் மாவட்டத்தில் 'வானகம்' பண்ணையை அமைத்து, 2013இல் மறைந்த நம்மாழ்வார் ஐயாவும் 'மூடாக்கு' என்று இதைத்தான் ஊர் ஊராகச் சொன்னார்.

அன்றிலிருந்து களைக்கொல்லியைத் தொடவில்லை. காலையில் கொஞ்சம் புல் வெட்டுவேன். வெட்டியதை அங்கேயே மரத்தடியில் போடுவேன். ஒரு நாளைக்கு நான்கு மரம் போதும். அவசரம் குறைந்தது அப்படித்தான். விதை போட்டு வளர்த்த டுரியான் காய்க்கப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. மரத்தை விரட்ட முடியாதல்லவா?

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஊழியர் சேமநிதிப் பணம் இல்லையென்றால் இந்த நிலம் எங்களைக் காப்பாற்றியிருக்காது. பாதி மரவள்ளி காட்டுப்பன்றிக்கு. பழத்தில் பங்கு குரங்குக்கு. மீதியில் எங்களுக்குப் போக, அன்னதானத்துக்கு வாழை இலையும் முருங்கைக் கீரையும் கொண்டுவர முடிகிறது. வேலையை விட்டுவிட்டு நிலத்துக்கு ஓடி வாருங்கள் என்று இளையோருக்கு நான் சொல்ல மாட்டேன். சிறு மூலையில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

2023 மார்ச்சில் மறுபடியும் வெள்ளம் வந்தது. ஓடையோரத்து வாழை எல்லாம் அழுகிப் போயின. ஆனால் மழை விட்டதும் சரிவில் இறங்கிப் பார்த்தேன். புல் படுத்துக் கிடந்தது. அதைக் கையால் விலக்கினால், மண் இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அறுபது ஆண்டுக்கு முன் அம்மா விட்டுவைத்த புல்லுக்காக ஏச்சு வாங்கினார். தவறு அம்மாவுடையது அன்று என்பதை அறிந்துகொள்ள எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

வீட்டு முன்னால் ஒரு பாயளவு மண் வைத்திருப்பவர்கள்கூட, அதை வெறுமையாக விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.